காலி மாஸ்டரும் அவருடைய மாப்பிள்ளையும்

திருச்சியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். வருகிற வேலையைத் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவர் அவர்களில் ஒரே ஒருவர்தான். மலைக்கோட்டை உச்சியில் ஏறி நின்று நாலு திசையும் தேடினாலும் எங்கள் காலி மாஸ்டரைப் போல இன்னொருவர் அகப்பட மாட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவரால் என் வேலையே போக இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

காலி என்றதும் யாரோ ரவுடி என்று நினைத்துவிடாதீர்கள். எறும்பு போனால் நின்று வழிவிடுகிற சாது. ஐம்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு. திருச்சியின் மே மாத வெயிலில்கூடக் கழுத்துவரை பட்டன் போட்ட தடித்த பருத்திச் சட்டை, அதற்கு மேல் தோல் ஏப்ரன், கணுக்காலை மூடிய பூட்ஸ். உறையூரிலிருந்து தில்லை நகர் போகிற வழியில் ஒரு சந்து முனையில் பட்டறை. பார்ப்பவர்களுக்கு வியர்க்கும், அவருக்கு வியர்க்காது.

பேர் வந்த கதை சின்னதுதான். பெட்ரோல் டேங்க், டீசல் டேங்க் ஓட்டையை அடைப்பது அவர் தொழில். ஆனால் அவர் பட்டறைக்குள் 'காலி' என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. தெரியாமல் யாராவது சொல்லிவிடுவார்கள்.

"மாஸ்டர், டேங்க்ல ஒரு சின்ன ஓட்டை. டேங்க் காலிதாங்க, ஒரு சொட்டு கிடையாது."

"யாரு காலி?"

"டேங்க்கு மாஸ்டர்."

"டேங்க் காலின்னு நெனச்சுப் பத்த வெச்சா நான் காலி, நீங்க காலி, அந்தா வடை போடுறாரே, அவரு காலி. வடையும் காலி. உள்ள பெட்ரோல்தாங்க செத்துப் போச்சு. அதோட ஆவி உள்ளயேதான் இருக்கு. நெருப்பக் காட்டினா அதுதான் வெடிக்கும்."

இதில் பாதியைக் கேட்டுவிட்டு ஓடுகிறவர்கள் உண்டு. ஓர் ஆட்டோக்காரர் "டேங்க்குல ஆவி இருக்கு" என்பது வரைக்கும் கேட்டார். நேரே கோயிலுக்குப் போய், மறுநாள் டேங்க் மூடியில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "இப்பப் போயிருக்கும் பாருங்க மாஸ்டர்" என்றார். மாஸ்டர் பழத்தை அவிழ்த்து அவர் கையிலேயே கொடுத்து, "இதப் பிழிஞ்சு குடிங்க, சூடு தணியும். டேங்க்க வெச்சுட்டுப் போங்க" என்றார்.

நான் முதன்முதலில் அவரிடம் போனது என் பைக்குக்காக. அப்போது காட்டூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பஸ்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொண்டிருந்தவன் நான். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் பக்கம் ஏறி உட்கார வேண்டும் என்பதுதான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் மாமா, தபால் ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர், "நீர் அவர்கிட்டப் போம். நான் என் ஸ்கூட்டரை வேற யார்கிட்டயும் விடறதில்லை" என்று அனுப்பி வைத்தார்.

போனேன். வாசலில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருந்தது. அதைத் தாண்டிக் காலை வைத்தேன்.

"அங்கேயே நில்லுங்க சார். சட்டை என்ன துணி?"

நான் ஜவுளிக்கடைக்காரன் இல்லையா? பெருமையாகவே சொன்னேன். "சுத்தமான பாலியஸ்டர் மாஸ்டர். துவைச்சா சுருங்காது."

"வெடிச்சாச் சுருங்கிடும். கழட்டுங்க."

உரசினால் பொறி வருமாம். ஆணியில் உறையூர்க் கைத்தறித் துண்டுகள் நாலு தொங்கின. விருந்தாளிக்கு என்று வைத்திருந்தார். ஒன்றைப் போர்த்திக்கொண்டேன். அடுத்து போன். "கொடுங்க" என்று வாங்கி ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டார். அந்தத் தூக்கு ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு வேப்ப மரத்துக் கிளையில் தொங்கும். அன்றைக்கு அதற்குள் ஏற்கெனவே மூன்று போன் இருந்தது. மரம் விடாமல் பாடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நாலு பேர் எழுந்து, "என்னுதா, உங்களுதா?" என்று ரோட்டைத் தாண்டி ஓடினோம்.

அப்புறம் விசாரணை. ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார் பாருங்கள், தில்லை நகரில் எந்த டாக்டரும் என்னை இவ்வளவு கேட்டதில்லை. டேங்க்கில் கடைசியாக என்ன இருந்தது? எப்போது? அதற்கு முன்னால் என்ன இருந்தது? நடுவில் வேறு ஏதாவது ஊற்றினீர்களா? யாராவது கழுவினார்களா? எதைக்கொண்டு? ஓட்டைக்கு என்ன வைத்தியம் பார்த்தீர்கள்?

"சோப்பு வெச்சு அடைச்சேன் மாஸ்டர்."

"என்ன சோப்பு?"

"குளிக்கிற சோப்பு."

எழுதிக்கொண்டார். கீழே என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். துவாக்குடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தபோது நெருப்பு வேலைக்கு முன்னால் பர்மிட் எழுதுவார்களாம். அங்கேயிருந்து அவர் கொண்டுவந்தது அந்தப் பழக்கம் ஒன்றுதான்.

இனிமேல் டேங்க்குக்குக் குளியல். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், சோப்புத் தூள், குலுக்கல், கொட்டல். முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பார். மறுபடியும் வெந்நீர். அன்றைக்கு ஸ்ரீரங்கத்து மாமாவும் தன் ஸ்கூட்டர் டேங்க்கோடு வந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஓய், திருமஞ்சனம் ஆயிடுத்தா?"

"ரெண்டு ஆயிருச்சு சாமி. இன்னும் ஒண்ணு இருக்கு."

"எங்காத்து மடியெல்லாம் உம்ம மடிகிட்ட நிக்காது. பருத்திதான் உடுத்தணும், கோட்டைத் தாண்டப்படாது, ஸ்நானம் ஆகாம தொடப்படாது. நீர் எங்க தெருவுல பொறந்திருக்க வேண்டியவர்."

"உங்க மடியில தப்பு நடந்தா பெருமாள் மன்னிச்சிருவாரு சாமி. இதுல மன்னிக்கிறதுக்கு ஆள் கிடையாது" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் அடுத்த குடம் வெந்நீரை ஊற்றினார்.

மூன்று குளியல் முடிந்து, டேங்க் தலை துவட்டி உட்கார்ந்த பிறகுதான் மாப்பிள்ளை வருவார். மாப்பிள்ளை என்பது ஒரு மஞ்சள் கருவி. உள்ளங்கை அளவு இருக்கும், மூக்கில் ஒரு குழாய். டேங்க்குக்குள் அந்தக் குழாயை விட்டால், எரிகிற வாயு கொஞ்சம் இருந்தால்கூடச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கூச்சல் போடும். மாஸ்டர் பைக் வாங்கச் சேர்த்து வைத்ததைக் கொண்டு இதை வாங்கினார். அதனால் இன்றுவரை அவருக்கு சைக்கிள்தான்.

"ஏன் மாஸ்டர் மாப்பிள்ளைன்னு பேரு?"

"வெலை ஜாஸ்தி. வேலை கம்மி. எதுக்கெடுத்தாலும் கோவம். சத்தம் போட்டா வீட்டுல எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும். வேற என்ன பேரு சார் வைக்கிறது?"

என் டேங்க்குக்குள் குழாய் போனது. கருவி ஒரு கத்து கத்தியது. மாஸ்டர் குழாயை உருவிக்கொண்டு, "மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டாரு. நாலாவது குளியல்" என்றார். ஸ்ரீரங்கத்து மாமா சந்தோஷமாகச் செய்தித்தாளை மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

வருஷத்துக்கு ஒரு தடவை மாப்பிள்ளையைச் சோதனை பார்க்கச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அந்த வாரம் முழுக்கப் பட்டறை மூடியிருக்கும். கதவில் 'மாப்பிள்ளை ஊரில் இல்லை' என்று ஒரு அட்டை தொங்கும். புதிதாகக் குடிவந்த ஓர் அம்மா அதைப் படித்துவிட்டு, மாஸ்டருடைய மனைவியிடம் துக்கம் விசாரிப்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "பொண்ண விட்டுட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த மனைவி படும் பாட்டைச் சொன்னால் தனிக்கதை ஆகிவிடும். அடுப்பைப் பற்ற வைக்கும் முன்னால் ஜன்னலைத் திற, சிலிண்டரை முகர்ந்து பார், முந்தானையைச் சொருகு என்று தினமும் மூன்று கட்டளை. "எனக்கும் பர்மிட் எழுதிக் குடுத்தாத்தான் தோசை சுடுறேன்னு சொல்லிட்டேங்க" என்று ஒருநாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாள் காலை அடுப்புப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு தாள் ஒட்டியிருந்ததாம்.

சரி, இத்தனையும் முடிந்து கடைசியில் என் டேங்க்கில் ஓட்டை இருக்கும் இடத்தை மேலே வைத்து, மற்ற இடமெல்லாம் தண்ணீரால் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்து, மணல் வாளி இரண்டையும் தீயணைப்பான் சிலிண்டரையும் காவலுக்கு நிறுத்திப் பற்ற வைத்தார். வெல்டிங்குக்கு ஆன நேரம் இரண்டு நிமிஷம். நான் காலையில் வந்தவன், வீட்டுக்குப் போனபோது சாயங்காலம்.

இவர் ஏன் இப்படி என்று சந்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். அண்ணன் ஒருவர் டேங்க் வெடித்துப் போய்விட்டார் என்பது டீக்கடைக் கதை. இடது காது வெடிச் சத்தத்தில் போய்விட்டது என்பது பஞ்சர் கடைக் கதை. பெட்ரோல் பங்க்காரர் மகளைக் காதலித்துக் கிடைக்கவில்லை, அந்தக் கோபம் என்பது எதிர்க்கடைக் கதை. எனக்கு மூன்றாவதுதான் பிடித்தது. ஆனாலும் ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு முன்னாடி என்ன மாஸ்டர் நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"இல்ல, ஏதாவது விபத்து..."

"எதுவும் நடக்கல சார். முப்பது வருஷமா எதுவுமே நடக்கல. அதுதான் வேணும்னு இவ்வளவும் பண்றேன். எவனாவது செத்தாத்தான் புத்தி வரணுமா? சும்மா வரக் கூடாதா?"

எனக்குச் சப்பென்று போய்விட்டது. உண்மையைச் சொன்னால், ஓர் அண்ணனாவது செத்திருக்கலாம் என்று தோன்றியது.

எதிர்க்கடைக்காரரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவரும் வெல்டர். முப்பது வயது. "அஞ்சு நிமிஷம் அண்ணே" என்பதுதான் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை, அதனால் பேரே அஞ்சு நிமிஷம். டேங்க்கை ஒரு அலசு அலசுவார், வெயிலில் காட்டுவார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பற்ற வைத்துவிடுவார். எப்போதும் சிரித்த முகம். பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதன் போட்டோவை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். கூட்டம் எல்லாம் அவர் கடையில்தான். மாஸ்டர் கடையில் பெரும்பாலும் நானும் ஸ்ரீரங்கத்து மாமாவும்தான்.

இப்போது என் சங்கதிக்கு வருகிறேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் எல்லாப் பள்ளி பஸ்களையும் ஒரு மைதானத்தில் நிறுத்தி அதிகாரிகள் ஆய்வு செய்வார்கள். எங்களுடைய ஆறு பஸ்ஸுக்கும் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் காலையில் நாலாம் நம்பர் பஸ் டிரைவர் அந்தோணி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சார், டீசல் டேங்க் ஒழுகுது. சோப்பு வெச்சேன், நிக்கல."

எங்கள் கரஸ்பாண்டென்ட் மேடத்திடம் போனேன். அவர் யாரையும் திட்ட மாட்டார், சிரித்துக்கொண்டேதான் பேசுவார். அன்றைக்கும் சிரித்தார். "ஆறு பஸ்ஸும் நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு கிரவுண்டுல நிக்கணும். நாலாம் நம்பர் அங்க இல்லேன்னா, நாளன்னைக்கு நீங்க இங்க இல்ல. சரிங்களா?" என்றார். நான் சரிங்க மேடம் என்றேன். வேறென்ன சொல்வது? வீட்டில் பெண் ப்ளஸ் டூ போகிறாள். ஜவுளிக்கடையில் என் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டார்.

நேரே மாஸ்டரிடம் ஓடினேன்.

"பெரிய டேங்க்கு. குளியல், காயவிடுறது, மாப்பிள்ளை எல்லாம் முடிய நாளைக்குச் சாயங்காலம் ஆகும் சார்."

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஆய்வு மாஸ்டர்!"

"அப்ப நாளன்னைக்கு வெச்சுக்கச் சொல்லுங்க."

"என் கல்யாணமா அது, தள்ளி வைக்கிறதுக்கு? பெட்ரோல் கூட இல்ல மாஸ்டர், இது டீசல். டீசல் பத்தாது!"

"பச்சையாப் பத்தாதுதான். சூடு பட்டா ஆவியாகுமா, ஆகாதா? வெல்டிங் என்ன ஐஸ்லயா பண்றோம்?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "நீங்க அதைக் குளிப்பாட்டி, தலை சீவி, பொட்டு வெச்சு, பள்ளிக்கூடத்துல சேத்துட்டு வாங்க. எனக்கு வேலை போயிரும்!" என்று கத்தினேன். போர்த்தியிருந்த கைத்தறித் துண்டை அவர் காலடியில் போட்டேன். மரத்துக்குப் போய்த் தூக்கிலிருந்து போனை எடுத்து, அங்கேயே நின்று அந்தோணியைக் கூப்பிட்டேன்.

"டேங்க்கைக் கழட்டுங்க. நல்லாக் கழுவுங்க. பளிச்சுன்னு இருக்கணும். அஞ்சு நிமிஷம் கடைக்குக் கொண்டாங்க."

மத்தியானம் மூன்று மணிக்கு டேங்க் வந்து எதிர்க்கடை வாசலில் ரோட்டோரமாக இறங்கியது. அந்தோணியின் மேல் குறை சொல்ல முடியாது, நிஜமாகவே பளிச்சென்று இருந்தது. அஞ்சு நிமிஷம் வந்து அதைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன டேங்க்குண்ணே?"

"டீசல்."

"கழுவியாச்சா?"

"கழுவியாச்சு."

"காலியா?"

"காலி."

மூன்று பதிலும் சத்தியம். கோர்ட்டில் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். "கொஞ்சம் ஆடாமப் பிடிச்சுக்குங்கண்ணே" என்றார். நான் குனிந்து இரண்டு கையாலும் டேங்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் மேல் பாலியஸ்டர் சட்டை, பையில் போன். அவர் வெல்டிங் கம்பியைச் செருகிக்கொண்டு, கண்ணாடியை இறக்கினார்.

ரோட்டில் ஒரு டவுன் பஸ் பிரேக் போட்டுக் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் மும்மூன்று தடவை பார்க்கிற மாஸ்டர், எந்தப் பக்கமும் பார்க்காமல் பூட்ஸ் சத்தத்தோடு ஓடி வந்துகொண்டிருந்தார். வந்தவர் என்னை ஒரு தள்ளு தள்ளினார். டேங்க்கின் மேல் ஏறி உட்கார்ந்தார். ஏப்ரனை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எந்திரிங்க மாஸ்டர்" என்றார் அஞ்சு நிமிஷம்.

"மாட்டேன்."

"இது என் கடை மாஸ்டர்."

"ஒன் கடைதான். அது இருக்கட்டும்னுதான் உக்காந்திருக்கேன்."

"கட்சிக்காரங்க கூட இப்படி ரோட்டுல உக்கார மாட்டாங்க மாஸ்டர்!" என்று நான் கத்தினேன். "என் பொழப்பு போகுது!"

"பொழப்பு போனா வேற பொழப்பு பாத்துக்கலாம் சார்" என்றார், என் பக்கம் திரும்பாமல்.

கூட்டம் கூடிவிட்டது. டவுன் பஸ் நகர வழியில்லை. கண்டக்டர் விசில் ஊதுகிறார். பஸ் ஜன்னல்களில் தலை தலையாக முளைத்துவிட்டது. "என்னப்பா, போராட்டமா?" என்று ஒருவர் கேட்க, "டேங்க்கு விக்கிறாங்க" என்று இன்னொருவர் விளக்கம் சொன்னார்.

மாஸ்டருக்கு ஒரு சிக்கல் வந்துவிட்டது. மாப்பிள்ளையைக் கொண்டுவந்து சோதித்துக் காட்ட வேண்டும். அதற்கு எழுந்து தன் கடைக்குப் போக வேண்டும். எழுந்தால் எதிரே நிற்பவர் பற்ற வைத்துவிடுவார். வேறு யாரையும் நம்பி மாப்பிள்ளையைத் தூக்கிவரச் சொல்லவும் மனசு வரவில்லை.

"தம்பி, மெயினை ஆஃப் பண்ணு. நீயே போய் மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா. நீ இங்க இல்லாட்டித்தான் எனக்கு நிம்மதி."

அஞ்சு நிமிஷம் சிரித்துக்கொண்டே போனார். வரும்போது அந்த மஞ்சள் கருவியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அதற்கு அந்தச் சந்தில் அவ்வளவு மரியாதை. மாஸ்டர் இறங்கினார். குழாயை டேங்க்குக்குள் விட்டார்.

மாப்பிள்ளை அன்றைக்குப் போட்ட கூச்சலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கண்டக்டரே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மாஸ்டரின் முகம் மாறியது.

"டீசலுக்கு முனகத்தான் செய்வாரு. இப்படிக் கத்த மாட்டாரே. எதுல கழுவினீங்க?"

அந்தோணி முன்னால் வந்தார். வேலையைச் சுத்தமாகச் செய்தவனுடைய பெருமை முகத்தில் தெரிந்தது.

"பெட்ரோல்ல மாஸ்டர். ரெண்டு லிட்டர் விட்டுக் குலுக்கி எடுத்தேன். இன்ஜின் சாமானெல்லாம் பெட்ரோல்லதானே கழுவுவோம்? தண்ணி விட்டா துருப் பிடிச்சிரும். சார் பளிச்சுன்னு இருக்கணும்னாரு."

அஞ்சு நிமிஷம் தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். ஸ்டூல் இருந்த இடம் வேறு, அவர் உட்கார்ந்த இடம் வேறு. தரையிலிருந்து அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. எனக்கு என் இரண்டு கையும் கண்ணில் பட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த டேங்க்கைக் குழந்தையைக் கட்டிப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்த கை.

மாஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சொல்லியிருந்தேனே, கேட்டீங்களா என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்கிற அந்த வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. "தம்பி, எந்திரி. வெந்நீர் போடு" என்று மட்டும் சொன்னார். அன்று பொழுது சாயும்வரை இரண்டு கடைக்காரர்களும் சேர்ந்து டேங்க்கைக் குளிப்பாட்டினார்கள். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு தண்ணீர் தூக்கினேன்.

மறுநாள் காலை மைதானத்தில் ஐந்து பஸ் நின்றது. அதற்கு மறுநாள் நான் ராஜினாமாக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். மேடம் வெளியே அனுப்பும் முன்னால் நாமே கடிதத்தைக் கொடுத்துவிட்டால் மரியாதையாவது மிஞ்சும் என்று ஒரு கணக்கு. வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சார், காலைல ஏழரைக்கே ஒருத்தர் வந்தாரு. ஏப்ரன், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டு. பாம் எடுக்க வந்த ஆளோன்னு கேட்டைப் பூட்டிட்டேன். மேடம்தான் உள்ள விடச் சொன்னாங்க."

அந்த மனிதர் பொய்யே பேசமாட்டார். நான் கத்தியது, கழுவச் சொன்னது, காலி என்று சொன்னது எல்லாவற்றையும் நோட்டைப் பார்த்து ஒப்பித்திருப்பார் என்று நினைத்தேன். மேடம் கூப்பிட்டு அனுப்பினார். சிரிக்கவில்லை. இதுவரை பார்க்காத முகமாக இருந்தது.

"உக்காருங்க. நீங்க இப்படிப்பட்டவர்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"மேடம், நான்..."

"அந்த மாஸ்டர் எல்லாம் சொன்னார். டேங்க்குல ஆபத்து இருக்குன்னு உங்களுக்குத்தான் மொதல்ல சந்தேகம் வந்துச்சாமே? அஞ்சு நிமிஷத்துல ஒட்டித் தரேன்னு ஒருத்தர் சொல்லியும் நீங்க விடலையாம். பிள்ளைங்க ஏறுற பஸ்ஸு, வேலை போனாலும் பரவால்லைன்னு சொல்லி..." மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நடு ரோட்டுல டேங்க் மேலயே ஏறி உக்காந்துட்டீங்களாமே?"

நான் தலையைக் குனிந்து, கடிதம் இருந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டேன். அது அடக்கம் என்று மேடம் நினைத்துக்கொண்டார். நாலாம் நம்பர் பஸ்ஸுக்கு வேறு தேதி வாங்கிக்கொள்ளலாம், நானே பேசுகிறேன் என்றார். அடுத்த வாரம் டிரைவர்கள் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அதுவும் பாலியஸ்டர். முன் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட பலமாகக் கை தட்டியவர் அந்தோணிதான்.

சால்வையோடு நேரே பட்டறைக்குப் போனேன். கோட்டுக்கு வெளியிலேயே நின்றேன். மாஸ்டர் யாருடைய டேங்க்கையோ குலுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் மாஸ்டர் அப்படிச் சொன்னீங்க? உக்காந்தது நீங்க."

"ஆமா."

"நான் உங்களைத் திட்டினேன். துண்டைத் தூக்கிப் போட்டேன்."

"ஆமா, துவைக்கப் போட்டிருக்கேன்."

"அப்புறம் ஏன் மாஸ்டர்?"

அவர் குலுக்குவதை நிறுத்தினார். "ஆறு பஸ்ஸு வெச்சிருக்கீங்க. ஊருல இன்னும் எவ்வளவோ வண்டி இருக்கு. நான் ஒருத்தன் எத்தனை டேங்க் மேல சார் உக்கார முடியும்?" என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார்.

அதற்குப் பிறகு இதுவரை இரண்டு டேங்க்கின் மேல் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு தடவையும் ஊர் கூடிச் சிரித்தது, என் பெண் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இருக்கட்டும். அந்த மனிதர் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் என்னைப் பற்றியது. அது பொய்யாகவே நின்றுவிடக் கூடாது என்று நினைக்கும் அளவுக்கு அவர் மேல் எனக்குப் பிரியம்.